எண்ணும் நான்கெல்லையும்

அப்பா வாங்கிய நிலத்தின் கிரயப் பத்திரத்தில் தாத்தாவின் பெயர் ஓர் எழுத்து பிசகியிருந்தது. அதைச் சரிசெய்யப் பிழைத்திருத்தல் பத்திரம் ஒன்று போட்டார்கள். "இன்ன எண் கொண்ட, இன்ன ஆண்டுப் பத்திரத்தில் உள்ள இந்தப் பிழையை இவ்வாறு திருத்தி வாசிக்கவும்" என்பதுதான் அதன் சாரம். எழுதியவர் கை தவறி 1987 என்பதை 1978 என்று எழுதிவிட்டார். பத்திர எண்கள் ஆண்டுதோறும் ஒன்றிலிருந்து தொடங்குபவை. ஆகவே 1978 ஆம் ஆண்டிலும் அதே எண்ணில் ஒரு பத்திரம் இருந்தது. அது வேறு ஊரில், வேறு யாரோ வாங்கிய ஓட்டு வீடு.

பல வருடம் கழித்து வங்கிக் கடனுக்காக வக்கீலிடம் கொண்டுபோனபோதுதான் விஷயம் வெளியே வந்தது. பிழையைத் திருத்த வந்த பத்திரமே பிழையான இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் பதறிப்போனோம். வக்கீல் பதறவில்லை. "நம்பரை விடுங்க தம்பி, செக்குபந்தி எதோட பொருந்துதுன்னு பாருங்க" என்றார். சொத்து விவரத்தில் சர்வே எண்ணோடு செக்குபந்தி, அதாவது நான்கெல்லையும் எழுதியிருந்தது: வாய்க்காலுக்குக் கிழக்கு, பொதுப்பாதைக்கு வடக்கு என்று. 1987 பத்திரத்தின் எல்லையோடு அது வரிக்கு வரி பொருந்தியது. ஓட்டு வீட்டுப் பத்திரத்தோடு பொருந்தவில்லை. ஆண்டு தவறு என்பதையும், சரியான ஆண்டு எது என்பதையும் அந்த நான்கு வரிகளே காட்டிக்கொடுத்தன.

உலகம் முழுவதும் இருந்து ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து எழுதும் மென்பொருளில் இதே சிக்கல் தினமும் வருகிறது. அங்கேயும் ஒரு பிழைத்திருத்தல் பத்திரம் உண்டு. அதிலும் பழைய பத்திரத்தின் எண்ணைக் குறிப்பிட வேண்டும். அந்த எண் தவறினால், நம் கைப்பேசிக்கு வந்துசேர வேண்டிய ஒரு பாதுகாப்புத் திருத்தம் வராமலே போகலாம். லினக்ஸ் கெர்னலை வைத்து இதைப் பார்ப்போம். ஆண்ட்ராய்டு கைப்பேசியிலிருந்து சூப்பர் கணினி வரை ஓடுகிற இயங்குதளத்தின் கரு அது. ஒன்பது பத்து வாரத்துக்கு ஒரு புதிய பதிப்பு வருகிறது. ஒவ்வொரு பதிப்புக்குள்ளும் ஏறத்தாழ 2,000 பேர் செய்த 10,000-க்கும் மேற்பட்ட மாற்றங்கள் சேர்கின்றன.

இந்த மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 'கமிட்' என்று பெயர். தமிழில் 'பதிவு' என்று சொல்லலாம். சார்பதிவாளர் அலுவலகத்துப் பதிவுக்கும் இதற்கும் பொருத்தம் அதிகம். நிரலில் எந்த வரியை எடுத்தேன், எதைச் சேர்த்தேன், ஏன் செய்தேன் என்று எழுதி, பெயரும் நேரமும் போட்டு வரலாற்றில் ஏற்றுவதுதான் பதிவு. பதிவுகளைக் காத்து வைக்கும் கருவியின் பெயர் கிட். கெர்னலை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே 2005 ஏப்ரலில் அதை எழுதத் தொடங்கினார். அதுவரை அவர்கள் பயன்படுத்திய பிட்கீப்பர் என்ற வணிகக் கருவியின் இலவச அனுமதி விலக்கப்பட்டதால் வந்த அவசரம் அது.

பத்திரங்களுக்கு 1, 2, 3 என்று எண் கொடுக்க ஒரு சார்பதிவாளர் வேண்டும். கெர்னலில் அப்படி ஒருவர் கிடையாது. பெர்லினில் இருப்பவரும் பெங்களூரில் இருப்பவரும் ஒரே நேரத்தில், இணைய இணைப்புகூட இல்லாமல், தத்தம் கணினியில் பதிவு போடுகிறார்கள். இருவர் பதிவுக்கும் ஒரே எண் வந்துவிடக் கூடாது. கிட் இதற்குச் செய்யும் வழி அழகானது. எண்ணை யாரும் கொடுப்பதில்லை; பதிவின் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிட்டு எடுக்கிறது.

அந்தக் கணக்குக்கு ஹாஷ் என்று பெயர். எவ்வளவு பெரிய எழுத்துத் தொகுப்பைக் கொடுத்தாலும் அரைத்துப் பிசைந்து ஒரே நீளமுள்ள ஒரு குறியை வெளியே தரும் வாய்ப்பாடு அது. கைரேகையைப் போன்றது: குறியிலிருந்து ஆளைத் திரும்பச் செய்ய முடியாது, ஆனால் இரண்டு பேருக்கு ஒரே ரேகை அமைவதும் நடைமுறையில் இல்லை. கிட் பரவலாகப் பயன்படுத்தும் ஷா-1 என்ற முறையில் இந்த ரேகை 40 இலக்கம். இலக்கங்கள் 0 முதல் 9 வரையும், பிறகு ஆங்கில அகரவரிசையின் முதல் ஆறு எழுத்துகளும். ஆக ஒவ்வோர் இடத்திலும் 16 வாய்ப்பு.

தட்டச்சு பழகியவர்களுக்குத் தெரிந்த ஓர் ஆங்கில வாக்கியம் உண்டு, பழுப்பு நரி சோம்பேறி நாயைத் தாண்டிக் குதிப்பதைப் பற்றியது. அதன் ஷா-1 ரேகை 2எஃப்டி4இ1 என்று தொடங்கும். கடைசிச் சொல்லில் 'டாக்' என்பதை 'காக்' என்று ஒரே ஓர் எழுத்து மாற்றினால் ரேகை டிஇ9எஃப்2சி என்று தொடங்கும். மீதி 34 இலக்கங்களிலும் முன்னதன் சாயல் இராது. 'கொஞ்சம் மாறிய உள்ளடக்கத்துக்குக் கொஞ்சம் மாறிய ரேகை' என்பதே இங்கு இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரப்போகிற எல்லாத் தொல்லைக்கும், அதைப் பிடிக்கிற வழிக்கும் இதுதான் மூலம்.

ரேகை எடுக்கும்போது கிட் எவற்றையெல்லாம் சேர்த்து அரைக்கிறது? அந்த நேரத்தில் மொத்த நிரலும் இருந்த நிலை, எழுதியவர் பெயர், ஏற்றியவர் பெயர், நேரம், விளக்கக் குறிப்பு, இவற்றோடு முந்தைய பதிவின் ரேகை. இந்தக் கடைசி ஒன்றுதான் கிட்டின் உயிர்நாடி. ஒவ்வொரு பத்திரமும் தன் மூலப்பத்திரத்தின் கைரேகையைத் தன்னுள்ளே வைத்திருக்கிறது. நடுவில் எங்கோ பத்தாண்டுக்கு முந்தைய பதிவு ஒன்றில் யாராவது ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் அதன் ரேகை மாறும். அதைச் சுமக்கும் அடுத்த பதிவின் ரேகை மாறும். அப்படியே இன்றைய பதிவு வரை எல்லாம் மாறும். திருட்டுத்தனமாக வரலாற்றைத் திருத்த முடியாது. மூலப்பத்திரத்தைக் காட்டும் சுட்டி தவறாக இருக்கவும் முடியாது, ஏனென்றால் அதைப் போடுவதும் சரிபார்ப்பதும் கருவியே.

ஆனால் விளக்கக் குறிப்புக்குள் மனிதர் எழுதும் சுட்டி வேறு. "இந்த மாற்றம், இன்ன பதிவில் நுழைந்த பிழையைத் திருத்துகிறது" என்று எழுதினால், கிட்டின் கண்ணில் அது வெறும் எழுத்து. 'இன்று நல்ல மழை' என்று எழுதினால் எப்படி வைத்துக்கொள்ளுமோ அப்படியே வைத்துக்கொள்ளும். கருவி போட்ட சங்கிலி இரும்பு. அதன் பக்கத்திலேயே மனிதர் எழுதிய சுட்டி பென்சில் கோடு.

கெர்னல்காரர்கள் இந்தப் பென்சில் கோட்டுக்கு ஒரு வடிவம் வகுத்திருக்கிறார்கள். குறிப்பின் அடியில் 'ஃபிக்சஸ்' என்று தொடங்கும் ஒரு வரி. அதில் பழைய பதிவின் ரேகையில் முதல் 12 இலக்கமாவது இருக்க வேண்டும். அதை அடுத்து, அடைப்புக்குறிக்குள் மேற்கோள் குறியிட்டு அந்தப் பதிவின் தலைப்பை முழுதாக எழுத வேண்டும். 'திருத்தச் சுட்டி' என்று இதை அழைப்போம். எண் ஒன்று, எல்லை விவரம் ஒன்று: வக்கீல் பார்த்த அதே இரண்டு.

இந்தச் சுட்டியைப் படிப்பவர் யார்? இனிமேல் அந்த நிரலைத் தொடப்போகும் பொறியாளர் ஒருவர். அதைவிட முக்கியம், பழைய பதிப்புகளைக் காக்கும் குழுவின் கருவிகள். 5.10, 5.15, 6.1, 6.6 போன்ற சில பதிப்புகளை நீண்டகால ஆதரவுக்கென்று தேர்ந்தெடுத்து, கிரெக் குரோவா-ஹார்ட்மன், சாஷா லெவின் ஆகியோர் வருடக்கணக்கில் திருத்தங்களை அவற்றுக்குள் கொண்டுசேர்க்கிறார்கள். கைப்பேசிகளிலும் வழங்கிகளிலும் ஓடுவது பெரும்பாலும் இந்தப் பழைய பதிப்புகளே.

ஓர் உதாரணம். 5.13 இல் ஒரு பிழை நுழைந்ததாக வையுங்கள். இன்று அதற்குத் திருத்தம் வந்திருக்கிறது. சுட்டி சரியாக 5.13 இன் அந்தப் பதிவைக் காட்டினால், 5.10-க்கு இந்தத் திருத்தம் வேண்டாம், 5.15, 6.1, 6.6 மூன்றுக்கும் வேண்டும் என்று கருவி நொடியில் சொல்லிவிடும். சுட்டி தவறி 6.3 இல் வந்த வேறொரு பதிவைக் காட்டினால்? 5.15, 6.1 இரண்டிலும் அந்தப் பிழையே இல்லை என்று கருவி நம்பும். திருத்தம் போகாது. ஓட்டை அப்படியே இருக்கும், யாருக்கும் தெரியாமல். 2024 பிப்ரவரியிலிருந்து கெர்னல் குழுவே தன் பாதுகாப்புக் குறைகளுக்கு சிவிஇ என்ற அடையாள எண் வழங்குகிறது. எந்தப் பதிப்பிலிருந்து எந்தப் பதிப்பு வரை ஆபத்து என்று அந்த அறிவிப்பில் வரும் விவரமும் இந்தச் சுட்டிகளை ஆதாரமாகக் கொண்டே கணக்கிடப்படுகிறது. ஒரு வரிக்கு இவ்வளவு பாரம்.

இவ்வளவு முக்கியமான வரி ஏன் தவறுகிறது? கவனக்குறைவு என்று ஒரே சொல்லில் முடிப்பது நியாயமில்லை. பெரும்பாலான தவறுகளுக்குப் பின்னால் நேர்மையான, கவனமான ஒரு பொறியாளர் இருக்கிறார்.

முதல் காரணம் 'ரீபேஸ்' என்ற வேலை. நாற்றங்காலில் வளர்ந்த நாற்றைப் பிடுங்கி வேறு வயலில் நடுவது போன்றது. போன வாரத்து நிலைமேல் நான் ஐந்து பதிவுகள் போட்டிருக்கிறேன். அதற்குள் மூல நிரல் முன்னேறிவிட்டது. என் ஐந்தையும் பிடுங்கி இன்றைய நிலைமேல் நட்டுக்கொள்கிறேன். பயிர் அதே பயிர். மாற்றத்தின் உள்ளடக்கம் அப்படியே இருக்கிறது. ஆனால் மூலப்பத்திரம் மாறிவிட்டதால் ஐந்துக்கும் புது ரேகை. என் ஐந்தாம் பதிவின் குறிப்பில் "இது இரண்டாம் பதிவின் பிழையைத் திருத்துகிறது" என்று பழைய ரேகையை எழுதியிருந்தேன் அல்லவா? பதிவுகளுக்கு இடையிலான சங்கிலியைக் கிட் தானே புதுப்பித்துக்கொள்ளும். குறிப்புக்குள் இருக்கும் ரேகையைத் தொடாது. இப்போது என் சுட்டி காட்டும் பதிவு உலகில் எங்கும் இல்லை.

இரண்டாவது காரணம் இன்னும் நுட்பமானது. ஒரு நிறுவனத்தில் வேலை செய்பவரின் கருவியில் ஓடுவது 6.1 நீண்டகாலப் பதிப்பு. அதில் பிழை கண்டுபிடிக்கிறார். ஒவ்வொரு வரியையும் கடைசியாகத் தொட்ட பதிவு எது என்று காட்டும் 'பிளேம்' கட்டளையை ஓட்டுகிறார். ஒரு ரேகை கிடைக்கிறது, எழுதிவிடுகிறார். ஆனால் அந்தப் பதிவு, மூல நிரலிலிருந்து 6.1-க்கு எடுத்து நடப்பட்ட நகல். நகலுக்கு நகலின் ரேகை, மூலத்துக்கு மூலத்தின் ரேகை. மூலத்தின் 40 இலக்கத்தை நகலின் குறிப்பில் முதல் வரியாகவே எழுதி வைத்திருப்பார்கள். அவசரத்தில் அது கண்ணில் படுவதில்லை.

மற்றவை எல்லாம் சிறிய தவறுகள்: நகலெடுக்கும்போது ஓர் இலக்கம் விடுபடுவது, தலைப்பு நீளமாக இருக்கிறதென்று இரண்டு வரியாக மடித்துவிடுவது, அடைப்புக்குறியைத் திறந்து மூடாமல் விடுவது.

இவற்றில் இலக்கம் பிசகும் தவறைப் பிடிப்பது எளிது. ஏன் எளிது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஆதார் எண்ணின் கடைசி இலக்கம் ஒரு சோதனை இலக்கம். முதல் பதினொன்றிலிருந்து கணக்கிட்டுச் சேர்த்தது. ஓர் இலக்கத்தை மாற்றி அடித்தாலோ பக்கத்துப் பக்கத்து இலக்கங்களை இடம் மாற்றினாலோ கணக்கு உதைக்கும். கிட்டின் ரேகையில் அப்படி ஒரு சோதனை இலக்கம் இல்லை. தேவையும் இல்லை. 12 இலக்கத்தில் எழுதக்கூடிய ரேகைகள் 281 லட்சம் கோடி. கெர்னலில் உள்ள பதிவுகளோ 10 லட்சத்தைத் தாண்டியவை. ரேகைகள் தாறுமாறாகச் சிதறி விழுகின்றன, பெரிய பாலைவனத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வீடுகள் இருப்பது போல. முகவரியில் ஓர் இலக்கம் பிசகினால் இன்னொருவர் வீட்டுக்குப் போய் நிற்பதற்கு வாய்ப்பு ஏறத்தாழ 28 கோடியில் ஒன்று. மற்றபடி வெறும் மணலில்தான் நிற்போம். "இப்படி ஒரு பதிவு இல்லையே" என்ற விடையே பிழையைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. எங்கள் பத்திரத்தில் 1978 இன் எண்ணிலும் ஒரு வீடு இருந்தது, அதனால்தான் இத்தனை வருடம் தெரியாமல் போனது. அடுத்தடுத்து எண் கொடுக்கும் முறையில் தவறான எண்ணும் சரியான எண் போலவே இருக்கும்.

ஆனால் நாற்று நட்ட கதையிலும் நகல் கதையிலும் இந்தச் சோதனை கைகொடுக்காது. அந்தப் பழைய ரேகை என் கணினியில் இருக்கிறதே! பிடுங்கி நட்ட பிறகும் பழைய பதிவுகளைக் கிட் உடனே எறிந்துவிடாது. யாராவது தவறாகச் செய்திருந்தால் மீட்கட்டும் என்று வழக்கமான அமைப்பில் குறைந்தது 30 நாள் வைத்திருக்கும். 6.1 இன் நகலும் என் வட்டில் உண்டு. "இந்த ரேகையில் பதிவு இருக்கிறதா" என்று என் கணினியைக் கேட்டால் "இருக்கிறது, இதோ" என்று திறந்தே காட்டும். பொறியாளர் கவனமாகச் சரிபார்த்திருப்பார், விடையும் சரி என்றே வந்திருக்கும். அவர் கேட்ட கேள்விதான் தவறு. கேட்க வேண்டியது 'இருக்கிறதா' அல்ல. 'இந்தத் திருத்தம் எந்தப் பதிவு வரிசையில், அதாவது கிளையில், சேரப்போகிறதோ அதன் முன்னோர் வரிசையில் இருக்கிறதா'. வில்லங்கச் சான்று போடும்போது இப்படியொரு பத்திரம் எங்காவது இருக்கிறதா என்றா பார்க்கிறோம்? இந்தச் சொத்தின் வழியில் வருகிறதா என்றுதானே பார்க்கிறோம்.

இந்தக் கேள்வியைக் கேட்கத் தகுந்த இடம், எல்லாரும் எழுதியது முதல்முறையாக ஒன்று சேரும் இடம். கெர்னலில் அதற்கு 'லினக்ஸ்-நெக்ஸ்ட்' என்று பெயர். ஆஸ்திரேலியாவின் கான்பராவில் இருந்த ஸ்டீபன் ராத்வெல் 2008 பிப்ரவரியில் இதைத் தொடங்கினார். அடுத்த பதிப்புக்கென்று வெவ்வேறு பராமரிப்பாளர்கள் தயாரிக்கும் முந்நூறுக்கும் மேற்பட்ட கிளைகளை வேலை நாள்தோறும் ஒன்றாக இணைத்து, முட்டிக்கொள்கிறவற்றைத் தீர்த்து, கட்டிப் பார்ப்பது அவர் வேலையாக இருந்தது. இணைத்த கையோடு, புதிதாக வந்த ஒவ்வொரு பதிவின் திருத்தச் சுட்டியையும் ஒரு சிறு நிரலால் சோதித்து, தவறு இருந்தால் சம்பந்தப்பட்டவருக்குக் கடிதம் போடுவதையும் வழக்கமாக்கினார்.

அந்தக் கடிதத்தின் அமைப்பு எனக்கு வியப்பாகவே இருக்கும். முதலில் எந்தப் பதிவு என்று அதன் ரேகையும் தலைப்பும். அடுத்து அதில் எழுதியிருந்த சுட்டி, உள்ளது உள்ளபடி. அதற்கடுத்து என்ன குறை: சுட்டிய ரேகை இல்லை, அல்லது தலைப்பு பொருந்தவில்லை, அல்லது 12 இலக்கமாவது வேண்டும். கடைசியாக, "ஒருவேளை நீங்கள் சொல்ல வந்தது இதுவோ" என்று சரியான சுட்டி. குற்றம் சாட்டும் ஒரு சொல்கூட இல்லை. இலக்கம் குறைந்திருந்தால், அடுத்த முறை வராமலிருக்கக் கிட்டில் எந்த அமைப்பை மாற்ற வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதியிருக்கும்.

'இதுவோ' என்று எப்படிச் சொல்ல முடிகிறது? தலைப்பால்தான். ரேகை தவறானாலும் தலைப்பு மாறுவதில்லை. நாற்றைப் பிடுங்கி நட்டாலும் அதே தலைப்பு, 6.1-க்கு எடுத்துப்போன நகலிலும் அதே தலைப்பு. ஆகவே சேர்ந்த கிளையின் முன்னோர் வரிசையில் அந்தத் தலைப்பைத் தேடினால் சரியான பதிவு கிடைத்துவிடும். அப்படியானால் தலைப்பை மட்டும் எழுதினால் போதாதா? போதாது. 'எச்சரிக்கைச் செய்தியைச் சரிசெய்தேன்' என்பது போன்ற தலைப்பு வெவ்வேறு ஆண்டுகளில் பலமுறை வரும். ரேகை துல்லியமானது, ஆனால் எளிதில் உடைவது. தலைப்பு உறுதியானது, ஆனால் மங்கலானது. இரண்டும் ஒரே பதிவைக் காட்டினால் நம்பலாம். ஒன்றோடொன்று முரண்பட்டால் தவறு இருப்பது உறுதி. எங்கே என்று தேடவும் ஒரு நூல் கிடைக்கிறது.

12 இலக்கம் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். தொடக்கத்தில் கிட் ரேகையைச் சுருக்கிக் காட்டும்போது 7 இலக்கம் காட்டியது. 7 இலக்கத்தில் 26 கோடியே 84 லட்சம் ரேகை எழுதலாம், 10 லட்சம் பதிவுக்குத் தாராளம் என்று தோன்றும். ஆனால் ஒரே வகுப்பில் 23 பேர் இருந்தால் யாரோ இருவருக்குப் பிறந்தநாள் ஒன்றாக இருக்கும் வாய்ப்பு பாதிக்கு மேல் என்ற பழைய கணக்கு இங்கும் வரும். 365 நாளோடு ஒப்பிட வேண்டியது 23 பேரை அல்ல, அவர்களுக்குள் அமையும் 253 சோடிகளை. 10 லட்சம் பதிவுகளுக்குள் அமையும் சோடிகள் சுமார் 50,000 கோடி. 26.8 கோடியால் வகுத்தால் 1,800-க்கு மேற்பட்ட சோடிகள் ஒரே 7 இலக்கத்தைப் பகிர்ந்துகொண்டிருக்கும். 12 இலக்கத்தில் இதே கணக்கைப் போட்டால், ஒரே ஒரு சோடி மோதும் வாய்ப்பு ஆயிரத்தில் இரண்டு. 2016 இல் வந்த கிட் 2.11 இலிருந்து, பதிவுத் தொகுப்பு வளர வளரச் சுருக்கத்தின் நீளத்தைக் கருவியே கூட்டிக்கொள்கிறது.

இது தற்செயலான மோதலுக்கான கணக்கு. வேண்டுமென்றே மோதவிட்டால்? 2024 இறுதியில் கீஸ் குக் என்ற கெர்னல் பாதுகாப்புப் பொறியாளர் அதைச் செய்துகாட்டினார். கெர்னலின் கிட் வரலாற்றில் முதல் பதிவின் ரேகை 1டிஏ177இ4சி3எஃப்4 என்று தொடங்கும். அதே 12 இலக்கத்தில் தொடங்கும் இன்னொரு பதிவை அவர் உருவாக்கினார். பொருள் மாறாத சிறு வேறுபாடுகளைப் பதிவில் புகுத்தி, ரேகை எடுத்து, பொருந்தவில்லையென்றால் இன்னொரு வேறுபாடு என்று கணினியை விடாமல் ஓட்டினால் 281 லட்சம் கோடி என்பது இன்று எட்டாத தூரமில்லை. சுருக்க ரேகை மனிதர் படிப்பதற்கானது, கருவிகள் அதை மட்டும் நம்பக் கூடாது என்று உணர்த்தவே அப்படிச் செய்தார். அதன்பின், ஒரே சுருக்கத்துக்கு இரண்டு பதிவுகள் வந்தால் தலைப்பை வைத்துச் சரியானதைத் தேரும் கருவி ஒன்றும் கெர்னலில் சேர்ந்தது. மீண்டும் செக்குபந்தி.

தவறைப் பிடித்தாயிற்று. திருத்துவது எளிதா? இங்கேதான் சிக்கல் தன்னையே சுற்றிக்கொள்கிறது. பதிவின் குறிப்பில் ஓர் இலக்கத்தைச் சரிசெய்தாலும் அந்தப் பதிவின் ரேகை மாறிவிடும். அதன்பின் வந்த எல்லாப் பதிவின் ரேகையும் மாறும். அவற்றில் ஏதாவது ஒன்றை வேறொரு பதிவு திருத்தச் சுட்டியில் குறிப்பிட்டிருந்தால், இதுவரை சரியாக இருந்த அந்தச் சுட்டி இப்போது உடையும். ஒரு சுட்டியைச் சரிசெய்யப் போய் மூன்றைக் கெடுக்கலாம். ஆகவே பராமரிப்பாளர் ஒவ்வொரு முறையும் எடைபோட வேண்டியிருக்கிறது. ரேகையே தவறு என்றால் பிடுங்கி நடுவார். அடைப்புக்குறி விட்டுப்போனதென்றால் அப்படியே விட்டுவிடுவார். சீக்கிரம் பிடித்தால் பிடுங்க வேண்டிய நாற்று குறைவு. அதனால் இப்போது மாற்றத்தை அனுப்பும் முன்பே, கெர்னலோடு வரும் 'செக்பேட்ச்' நிரல் சுட்டியின் வடிவத்தைச் சோதித்து எச்சரிக்கிறது.

வடிவம் சரி, ரேகை இருக்கிறது, முன்னோர் வரிசையில் வருகிறது, தலைப்பும் பொருந்துகிறது. இத்தனையும் தேறிய சுட்டியும் தவறாக இருக்க முடியும். அந்தப் பதிவுதான் பிழையைக் கொண்டுவந்தது என்று யார் சொன்னது? பிளேம் கட்டளை ஒரு வரியைக் கடைசியாகத் தொட்டவரைக் காட்டும். அவர் இடைவெளியைச் சீராக்கியவராக இருக்கலாம், கோப்பை இடம் மாற்றியவராக இருக்கலாம். பிழையைச் செய்தவர் அவருக்கு நான்கு பேர் முன்னால் இருப்பார். ஸ்லிவெர்ஸ்கி, ஜிம்மர்மன், ஜெல்லர் என்ற மூவர் 2005 இல் திருத்தத்திலிருந்து பின்னோக்கிப் போய்ப் பிழையின் தோற்றுவாயைத் தானாகக் கண்டுபிடிக்கும் முறையை வெளியிட்டார்கள். அவர்கள் பெயரின் முதலெழுத்துகளால் அது எஸ்இசட்இசட் எனப்படுகிறது. இடைவெளி மாற்றங்களை ஒதுக்குவது, பெயர் மாற்றங்களைத் தாண்டிப் போவது என்று அதை மேம்படுத்தும் ஆய்வுகள் இன்னும் நடக்கின்றன. பிழை தெரியும் பதிவுக்கும் தெரியாத பதிவுக்கும் நடுவில் பாதி பாதியாகக் குறுக்கி ஓட்டிப்பார்க்கும் 'பைசெக்ட்' முறை இன்னும் நம்பத்தக்கது. 1,000 பதிவுக்குப் பத்து சோதனை போதும். ஆனால் பிழையை விரும்பும்போது வரவழைக்கத் தெரிந்திருக்க வேண்டும். இந்த இடத்தில் நிரலைப் படித்துப் புரிந்துகொண்ட மனிதரின் தீர்ப்புக்கு மாற்று இல்லை என்றே நினைக்கிறேன்.

பின்னோக்கிப் போய்க்கொண்டே இருந்தால் ஒரு சுவரில் முட்டுவோம். கீஸ் குக் தேர்ந்தெடுத்த அந்த முதல் பதிவுதான் சுவர். 2005 ஏப்ரல் 16 அன்று டோர்வால்ட்ஸ் அதைப் போட்டபோது, அதற்கு முந்தைய வரலாற்றைச் சேர்க்க வேண்டாம் என்று முடிவுசெய்தார். 17,000-க்கு மேற்பட்ட கோப்புகள், 67 லட்சம் வரிகள், எல்லாம் ஒரே பதிவில் வந்து இறங்கின. அதனால் இன்றும் மிகப் பழைய பிழை ஒன்றைக் கண்டுபிடிப்பவர் தன் சுட்டியில் 1டிஏ177இ4சி3எஃப்4 என்றே எழுதுகிறார். பிழை எப்போது பிறந்தது என்பதை அந்தச் சுட்டி சொல்வதில்லை. பதிவேடு தொடங்கும் முன்பே இருந்தது என்கிறது. நீண்டகாலப் பதிப்புகளைக் காப்பவருக்கு அதுவே போதும், எல்லாப் பதிப்புக்கும் திருத்தம் வேண்டும் என்று பொருள்.

எல்லா வலையையும் தாண்டி டோர்வால்ட்ஸின் மூல நிரலுக்குள் போய்விட்ட தவறான சுட்டிகளும் இருக்கின்றன. அங்கே பிடுங்கி நடுவது கிடையாது. அங்கிருந்து உலகமெங்கும் எண்ணற்ற நகல்கள் போய்விட்டன. ஒரு பழைய குறிப்பை மாற்றினால் எல்லாருடைய ரேகைகளும் குலையும். சிவிஇ அறிவிப்புகளைத் தயாரிப்பவர்கள் அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். எந்தக் குறைக்குத் திருத்தச் சுட்டி தவறாகவோ இல்லாமலோ இருக்கிறதோ, அதற்கென்று தனியாக ஒரு சிறு கோப்பு. பிழை உண்மையில் எந்தப் பதிவில் நுழைந்ததோ அதன் முழு 40 இலக்க ரேகை, ஒருவர் தேடிப் படித்து உறுதிசெய்து எழுதியது, ஒரே வரியில். கருவி முதலில் அந்தக் கோப்பைப் பார்க்கும். அது இல்லையென்றால்தான் பதிவுக்குள் எழுதியிருப்பதைப் பார்க்கும்.

எங்கள் நிலத்துக்கும் அப்படித்தான் ஆயிற்று. பதிவான பத்திரத்தில் யாரும் கைவைக்க முடியாது. வக்கீல் சொன்னபடி இன்னொரு பிழைத்திருத்தல் பத்திரம் எழுதினோம். கையெழுத்துப் போடும் முன் அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு எண்ணையும் ஆண்டையும் இலக்கம் இலக்கமாக வாசித்தார். பிறகு மூலப்பத்திரத்தைப் பக்கத்தில் விரித்து வைத்து, நான்கெல்லையையும் விரல் வைத்து வாசித்தார்.